அடுத்த ரூமிலிருந்து போன்

பிப்ரவரி 7, திங்கள்

இன்று கடையில் ஒரு அம்மா என்னைப் பார்த்து நாற்காலியோடு பின்னால் ஓடிவிட்டார். சக்கரம் வைத்த நாற்காலி. நான் செய்ததெல்லாம் ஒரு கண்ணாடி பிரேமை எடுத்து, கம்பி இரண்டையும் விரித்து, அவர் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனதுதான். இத்தனை வருஷமாகக் கை தானாகச் செய்கிற வேலை. மூக்கில் உட்கார வைப்பது, காதுக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்ப்பது, கொஞ்சம் தள்ளி நின்று "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்மா" என்று பொய் சொல்வது. இந்த ஊரில் பாதி மூக்கு என் கைபட்ட மூக்கு. ஒரு மூக்கும் புகார் சொன்னதில்லை.

அம்மா எதிர்ச் சுவர் வரைக்கும் உருண்டுபோய் நின்றார். "அங்கேயே வச்சிடுங்க. நானே எடுத்துப் போட்டுக்கறேன்." பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. "உங்களைத் தப்பா நினைக்கலை. பழகிப்போச்சு."

சாயங்காலம் முதலாளி ஒரு பிளாஸ்டிக் தட்டு வாங்கி வந்தார். இனிமேல் பிரேமைத் தட்டில் வைத்து நீட்ட வேண்டுமாம். நோய் போய்விட்டது என்கிறார்கள். அது நின்றிருந்த இடத்தை மட்டும் யாரும் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல் என் மனைவி போன் செய்தாள். சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே ரொம்ப நேரம் ஆனது. "சக்கரம் இருந்ததால ஓடினாங்க. இல்லைன்னா கையை ஓங்கியிருப்பாங்க."

பிப்ரவரி 9, புதன்

மானம் போயிற்று. தாடியிடம் வாயை விட்டுவிட்டேன். எங்கள் கடையில் லென்ஸ் அறுக்கிறவன் அவன். ஒரு விஷயம் அவனுக்குத் தெரிந்தால் தெரு முழுக்கத் தெரிந்த மாதிரி.

"நேத்து உன் அண்ணி போன்ல சொன்னா..." என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"அண்ணி வெளியூர் போயிருக்காங்களாண்ணே?"

"இல்லையே, வீட்லதான் இருக்கா."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"நானும் வீட்லதான்."

தாடி மெஷினை நிறுத்தினான். கரண்ட் போனால்தான் அவன் மெஷின் நிற்கும்.

விளக்கம் சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் துணிப் பிரிவில் வேலை. நோய் உச்சத்தில் இருந்தபோது படுக்கை விரிப்பு மூட்டை மூட்டையாக வரும். எல்லாம் அவள் கையால்தான் மெஷினுக்குள் போகும். எனக்கும் எங்கள் பெண் பாப்பாவுக்கும் ஒட்டிவிடக் கூடாது என்று அவளே சின்ன ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாப்பா ஹாலில் சோபாவில். நான் பெரிய ரூமில், கட்டில் முழுக்க எனக்கே, ராஜா மாதிரி. அப்போதுதான் சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள் என்று போனில் பேச ஆரம்பித்தோம். நோய் அடங்கிய பிறகு சமையல், துணி, கடை எல்லாம் பழையபடி ஆனது. அவள் படுக்கை மட்டும் அங்கேயே. போனும் நிற்கவில்லை.

"ஒரே வீட்ல இருந்துக்கிட்டு லவ் பண்றீங்க," என்றான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "எம்பொண்டாட்டி அடுத்த ரூம்லேர்ந்து போன் பண்ணினா, நான் கட் பண்ணிட்டு எழுந்து போவேண்ணே" என்றான்.

அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. இருந்தாலும் குத்திவிட்டது.

பிப்ரவரி 10, வியாழன்

இன்றும் பேசினோம். நன்றாகத்தான் பேசினோம். நடுநடுவே தாடியின் மூஞ்சி வந்து போனது.

பிப்ரவரி 13, ஞாயிறு

போனில் அவள் வேறு ஆள். நேரில் எங்கள் பேச்சு கேஸ், தண்ணீர், பாப்பாவின் காலேஜ், இந்த மூன்றுக்குள் முடிந்துவிடும். போனில் அப்படி இல்லை. துணிப் பிரிவுக்கு வந்திருக்கிற புது மேற்பார்வையாளர் எப்படி நடக்கிறார் என்று சொல்வாள். நடப்பது என் காதில் விழும். இன்று அவள் பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்ற கதை. கையை விரித்து நின்றே மயக்கம் வந்து, ராஜகுமாரி மேலேயே விழுந்துவிட்டாளாம். ராஜகுமாரியின் பல் ஆடிப்போயிற்றாம். கட்டிலில் உருண்டு சிரித்தேன். ஹாலிலிருந்து பாப்பா, "ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா. எனக்கு நாளைக்கு டெஸ்ட்" என்று கத்தினாள்.

"இவ்வளவு வருஷமா ஏன் இதைச் சொல்லலை?" என்றேன்.

"மூஞ்சியப் பார்த்துக்கிட்டு இதெல்லாம் வராதுங்க."

சிரித்த கையோடு கேட்டுவிட்டேன். "சரி, நீ எப்ப இந்தப் பக்கம் வர்றே?"

மின்விசிறி ஓடுவது சுவர் வழியாகவும் போன் வழியாகவும் கேட்டது.

"இப்ப என்ன குறைச்சல்?" என்றாள்.

என்ன குறைச்சல்? படுக்கையின் இடது பக்கம் சுருக்கமே இல்லாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 18, வெள்ளி

கண்டக்டர் ஐயா இன்றும் வந்தார். ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர். வாழ்நாள் முழுக்க "உள்ள போங்க, நெருங்கி நில்லுங்க" என்று கத்தினவர், இப்போது கடை வாசலில் இன்னொருவர் இருந்தால் அவர் போகிற வரைக்கும் வெயிலில் நிற்கிறார். ஆனால் வாரம் தவறாமல் வந்து, காதுக்குப் பின்னால் குத்துகிறது என்கிறார். ஒன்றும் குத்தவில்லை. கம்பி கச்சிதமாக இருக்கிறது. நானும் சூடு காட்டி வளைப்பது மாதிரி பாவனை செய்து, காது மடலை விலக்கி மாட்டிவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். வீட்டில் அவரைத் தொட யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

இன்று முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். தட்டை நகர்த்தினார். கண்ணாடியைத் தட்டில் வைத்தேன். "நீங்களே போட்டுப் பாருங்கய்யா."

போட்டுக்கொண்டார். "சரியாயிருச்சு" என்றார். இனி வர மாட்டார்.

அவர் போன பிறகு ஒன்று தோன்றியது. போன வாரம் அவர் காதருகே குனிந்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டேனே, எதற்கு?

பிப்ரவரி 22, செவ்வாய்

சாப்பிட்டதும் போன் அடித்தது. எடுக்கவில்லை. அங்கே அவள் காதில் மணி போகிறது, இங்கே என் வயிற்றின் மேல் போன் துள்ளுகிறது. நடுவில் ஒரு செங்கல். நின்றது. மறுபடி அடித்தது. கட் செய்தேன், தாடி சொன்ன மாதிரி. எழுந்து போவது மட்டும் செய்யவில்லை. அவள்தான் வரட்டுமே.

வந்தாள். ஓடி வந்தாள். "என்னாச்சு, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணுமில்லை. பேசணும்னா நேர்ல பேசு. இதோ இருக்கேன், வா, உக்காரு." கட்டிலைத் தட்டிக் காட்டினேன். எனக்கே சினிமா மாதிரி இருந்தது.

அவள் வாசலைத் தாண்டவில்லை. கதவுச் சட்டத்தில் ஒரு கை.

"ஏதோ சொல்ல வந்தியே, சொல்லு."

யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "மறந்துபோச்சுங்க."

பிப்ரவரி 23, புதன்

அடித்தது. கட் செய்தேன். வரவில்லை.

பிப்ரவரி 26, சனி

இப்போது போன் வருவதில்லை. ஜெயித்துவிட்டேன்.

மார்ச் 6, ஞாயிறு

நோய்க் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் அவரவர் தட்டு, அவரவர் நேரம். பாப்பா லேப்டாப் முன்னால், அவள் அடுப்படியில் நின்றபடி, நான் டிவி முன்னால். இன்று உத்தரவு போட்டேன்: எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

உட்கார்ந்தோம். மெல்லுகிற சத்தம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் மறந்தே போயிருந்தேன். என் சத்தம்தான் அதிகம்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம்னா?" என்றாள் அவள்.

"ப்பா, இது என்ன மீட்டிங்கா? மினிட்ஸ் நான் எழுதணுமா?" என்றாள் பாப்பா.

"அந்த மேற்பார்வையாளர் எப்படி இருக்காரு?" என்று அவளைக் கேட்டேன். போனாக இருந்தால் அரை மணி நேரம் ஓடும்.

"இருக்காரு" என்றாள். என் தட்டில் ஒரு கரண்டி போட்டுவிட்டுச் சோற்றுப் பாத்திரத்தை மூடினாள்.

மார்ச் 13, ஞாயிறு

ஒரு யோசனை வந்திருக்கிறது. நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன், ஆனால் குறுக்குப் புத்தியில் பட்டதாரி.

பாப்பா காலேஜ் முதல் வருஷம். ஹாலில் சோபாவில் மடங்கிப் படிக்கிறாள். வயசுக்கு வந்த பெண்ணுக்குத் தனி ரூம் வேண்டாமா? சின்ன ரூமை அவளுக்குக் கொடுத்தால் அம்மாக்காரி எங்கே போவாள்? இங்கேதான் வர வேண்டும். யாரும் மறுத்துப் பேச முடியாது.

பாப்பாவிடம் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் எப்ப ரூம் கேட்டேன்?"

"கேக்கலைன்னா? அப்பனுக்குத் தெரியாதா?"

"ப்பா, என்னை வச்சு அம்மாவை நகத்துறீங்க."

"அப்படியெல்லாம் இல்லைம்மா."

"எனக்கு ஹாலே நல்லாத்தான் இருக்கு. உங்க மொக்கையையும் கேட்டுக்கிட்டுப் படிச்சிடுவேன்." பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ரூம் குடுத்தா வேணாம்னு சொல்ல மாட்டேன்" என்றாள். அதுவும் என் புத்திதான்.

மார்ச் 20, ஞாயிறு

நடந்துவிட்டது. அவள் சண்டை போடவே இல்லை. பாப்பாவுக்கு என்றதும், "சரி, எடுத்துக்கட்டும்" என்று எழுந்துவிட்டாள். எடுத்து வர என்ன இருந்தது? ஒரு தலையணை, நாலு புடவை, ஒரு கைக்கண்ணாடி, போன் சார்ஜர். நான் தலையணையைத் தூக்கிக்கொண்டேன், பெரிய உதவி செய்கிற மாதிரி.

எல்லாம் எடுத்த பிறகும் அவள் அந்த ரூமிலேயே நின்றாள். கதவை ஒரு முறை சாத்தித் திறந்து பார்த்தாள்.

"பிறந்த வீட்ல நாங்க ஆறு பேர், ஒரு ரூம்," என்றாள். "அப்புறம் இங்க. ஒரு கதவைச் சாத்திட்டு உள்ள நான் மட்டும் உக்காந்திருந்தது இந்த நோய் வந்தப்பதாங்க. ஊரெல்லாம் செத்துக்கிட்டிருக்கு, எனக்கு ஒரு கதவு கிடைச்சிருக்கேன்னு சந்தோஷமா இருந்துச்சு. பாவம்தான். யார்கிட்டயும் சொல்லலை."

நேரில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அதற்கு நான் என்ன சொன்னேன்? "சரி, பாப்பா படிக்கணும் இல்ல?" என்றேன். தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

மார்ச் 21, திங்கள்

அவள் ஓரத்தில் படுத்தாள். கொஞ்சம் அசைந்தால் கீழே விழுவாள், அப்படி ஒரு ஓரம். "நல்லா உள்ள தள்ளிப் படு" என்றேன். "இல்லைங்க, இது போதும்." நடுவில் பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது அவளைப் போட்டிருந்த அளவு இடம். மரம் கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லலாம் என்று நினைத்து, வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

மார்ச் 29, செவ்வாய்

இதை எழுதத்தான் வேண்டும்.

காலையில் அடுப்படியில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் எனக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி மேல் அலமாரியில் சர்க்கரை டப்பாவை எடுத்தாள். அவள் கை என் தோளில் பட்டது. நான் விலகினேன். யோசித்து விலகவில்லை. உடம்பு தானாக விலகியது. டீ தரையெல்லாம். கடையில் அந்த அம்மா நாற்காலியோடு உருண்டாரே, எனக்குச் சக்கரம் ஒன்றுதான் இல்லை.

அவள் பார்த்தாள். துணி எடுத்து வந்து துடைத்தாள். குனிந்தபடியே, "பழகிப்போச்சு இல்ல?" என்றாள். கோபமே இல்லை அதில். ஆறுதல் சொல்கிற மாதிரி இருந்தது.

அப்படியென்றால் இவ்வளவு நாள் நான் எதற்கு அடம் பிடித்தேன்? பக்கத்தில் அவள் படுத்தால் எனக்கும் தூக்கம் வருவதில்லை. அவள் மூச்சை எண்ணிக்கொண்டு கிடக்கிறேன். அவளும் முழித்துக்கொண்டுதான் இருக்கிறாள், தெரியும். ரெண்டு பேரும் தூங்குவதாக நடிக்கிறோம். இந்த வயசில் நாடகம். நானும் மரம், அவளும் மரம்.

ஏப்ரல் 1, வெள்ளி

லிப்டில் ஒருத்தர் இருந்தால் இன்னொருத்தர் ஏறுவதில்லை என்பது எங்கள் கட்டிடத்தில் எழுதாத சட்டம். முன்னெல்லாம் நான் திட்டுவேன். இன்று கீழ்வீட்டு வாத்தியார் உள்ளேயிருந்து எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்க போங்க சார், நான் ஒரு போன் பேசணும்" என்றேன். யாரிடம்? படியில் ஏறினேன். மூன்று மாடி.

ஏப்ரல் 5, செவ்வாய்

கடையிலிருந்து வரும்போது பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அவளுக்குப் போன் செய்தேன். எவ்வளவு நாளாயிற்று. மணி போகும்போது சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன், பெண் பார்க்கப் போனவன் மாதிரி.

"சொல்லுங்க. என்ன விஷயம்?"

"சும்மாதான்."

"ஏதாவது வாங்கணுமா?"

"இல்லை. சும்மா பேசலாம்னு."

அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம். "வீட்டுக்குத்தானே வர்றீங்க? வாங்க, நேர்லயே பேசலாம்."

குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நான் சொன்னதை அவள் நம்பிவிட்டாள். நேரில்தான் பேச வேண்டும் என்பது இப்போது வீட்டுச் சட்டம்.

வீட்டுக்குப் போனேன். "என்ன பேசணும்னீங்க?" என்றாள். "மறந்துபோச்சு" என்றேன்.

ஏப்ரல் 6, புதன்

தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். "நீ பழையபடி சின்ன ரூமுக்கே போயிடு. பாப்பா ஹாலுக்கு வரட்டும்."

"வேண்டாங்க. அவளை இப்ப கிளப்பாதீங்க."

பாப்பாவிடம் பேசலாம் என்று போனேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஹாலில் இருந்தவரை, என் மொக்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். இப்போது சோபாவில் நான் மட்டும். தட்டினேன். "ப்பா, மெசேஜ் போடுங்க, கிளாஸ்ல இருக்கேன்" என்று குரல் வந்தது.

மெசேஜ் போடவில்லை. என்னவென்று போடுவது, கதவைத் திற என்றா?

ஏப்ரல் 18, திங்கள்

துணிப் பிரிவில் நைட் ட்யூட்டிக்கு ஆள் கேட்டார்களாம். எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"எத்தனை நாளைக்கு?"

"நிரந்தரமாத்தான்."

"உடம்பு தாங்குமா?"

"அங்க ராத்திரில யாரும் இருக்க மாட்டாங்க. மெஷினும் நானும்தான். கதவைச் சாத்திட்டு வேலை பார்க்கலாம்."

என்னை விட்டுப் போகவா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் ஏற்கனவே டிபன் பாக்ஸை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். சின்னதாக ஒரு பாட்டுகூட முனகினாள். எத்தனை நாளைக்குப் பிறகு. நான் என்னத்தைக் கேட்பது?

ஏப்ரல் 19, செவ்வாய்

தாடி விசாரித்தான். "அண்ணி இந்தப் பக்கம் வந்துட்டாங்களாண்ணே?" வந்துவிட்டாள் என்றேன். பொய்யில்லை. "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல," என்று டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

ஏப்ரல் 24, ஞாயிறு

நன்றாகத் தூங்கினேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நன்றாகத் தூங்கினேன்.

மே 2, திங்கள்

இப்போது எங்களுக்கு ஒரே கட்டில். நான் கேட்டது அதுதானே. ராத்திரி எனக்கு, பகல் அவளுக்கு. நான் எழுந்து விரிப்பை உதறிப் போட்டுவிட்டுக் கிளம்புவேன். சாயங்காலம் வரும்போது அவள் உதறிப் போட்டிருப்பாள், நான் போட்டதைவிட நேராக. ஆஸ்பத்திரிக் கை.

காலையில் நான் இறங்க, அவள் ஏறி வந்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நேருக்கு நேர். முகம் தெளிவாக இருந்தது. ராத்திரியெல்லாம் கண்முழித்தவள் முகம் மாதிரியே இல்லை. என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டாள். அதே நேரத்தில் நானும் இந்தப் பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். நடுவில் படி காலியாகக் கிடந்தது. ஒரு ஆள் தாராளமாகப் போகலாம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போகவில்லை.

"பால் காய்ச்சி வச்சிருக்கேன்," என்றேன்.

"சரிங்க. பார்த்துப் போங்க."

நான் முதலில் இறங்கினேன்.